கதவடைத்து வாழும் கடற்கரைச் சிலந்தி

சிலந்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது கூரை மூலையில் தொங்கும் வலையே. அதிகாலையில் பால்மரம் சீவச் செல்லும் பெற்றோர், இரு மரங்களுக்கிடையே பின்னிய வலை முகத்தில் ஒட்டிக்கொள்வதை நன்கறிவர். ஆயினும் எல்லாச் சிலந்திகளும் வலையில் தொங்கி வாழ்வன அல்ல. வளை அமைத்து, அதன் வாயிலுக்குக் கதவும் பொருத்திக் குடியிருப்பனவும் உண்டு.

தைப்பூசத்திற்கு நாம் செல்லும் பத்துமலையின் இருட்குகையிலே அத்தகைய சிலந்தி ஒன்று வாழ்கின்றது. 1923ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியவர் ஆபிரகாம் என்னும் ஆய்வாளர். மறு ஆண்டே அவர் சிங்கப்பூரில் கிடைத்த மற்றொரு சிலந்தியையும் உலகுக்கு அறிவித்தார். அதன் பெயர் 'இடியோக்டிஸ் லிட்டோராலிஸ்'. பின்சொல்லுக்குக் கரையோரத்தைச் சேர்ந்தது என்பது பொருள். இதன் உறவினங்கள் பிஜித் தீவுகளிலும் கிறிஸ்துமஸ் தீவிலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையிலும் உள்ளன.

இவ்வினச் சிலந்திகள் வாழுமிடந்தான் வியப்புக்குரியது. கடல் பொங்கும்போது நீரில் மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் பகுதியே இவற்றின் குடியிருப்பு. பாறை இடுக்கு, பவளக்கல் பொந்து, உளுத்த மரம் ஆகியவற்றில் இழையால் குழாய்போன்ற சிற்றறை அமைத்து, வாயிலில் மெல்லிய கதவொன்றை வைக்கின்றன. நீர் வற்றியதும் கதவருகே பதுங்கியிருந்து, அவ்வழி ஊரும் சிற்றுயிர்களைப் பிடித்து உண்கின்றன. நீர் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும்; உள்ளிருக்கும் காற்று அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

அச்சிறிதளவு காற்று எங்ஙனம் போதும்? நம்மைப்போல் சிலந்தி மூக்கால் மூச்சு விடுவதில்லை. அதன் வயிற்றின் அடிப்புறத்தில், ஏடுகளை அடுக்கியதுபோன்ற மென்தகடுகள் கொண்ட உறுப்புகள் உள்ளன. புத்தக நுரையீரல் என்பது அவற்றின் பெயர். வீட்டுச் சிலந்திக்கு இரண்டே, இதற்கோ நான்கு. அசையாது ஓய்ந்திருக்கும் சிலந்திக்குத் தேவைப்படும் காற்று மிகக் குறைவு. ஆகவே நீர் இறங்கும்வரை அது பொறுத்திருக்கும். நாளுக்கு இருமுறை கடல் ஏறுவதால், இக்காத்திருப்பும் நாளுக்கு இருமுறை!

கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் கல்லைப் புரட்டிப் பார்ப்பது இயல்பு. அதைத் தவறென்று நாம் கூறமாட்டோம். பார்த்தபின் இருந்தவாறே மெல்லத் திருப்பி வைத்தல் வேண்டும். அடியில் யார் வீடோ இருக்கலாம்.

இச்சிலந்திக்குப் பெருங்கேடு சிறுவர் கையால் வருவதன்று. 1960ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டர். இன்று 730க்கும் மேல். கூடிய நிலம் கடலைத் தூர்த்துப் பெற்றதாகும். குடியிருப்புக்கும் துறைமுகத்திற்கும் விமான நிலையத்திற்கும் அந்நிலம் தேவைப்பட்டது உண்மையே. ஆனால் தூர்ப்பதற்கு எளிதானது ஆழமற்ற கரையோரம். இச்சிலந்தி குடியிருப்பதும் அங்கேதான். மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் கடல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.