சேவலா, பெட்டையா? குஞ்சின் நிறம் சொல்லும் கணக்கு

கோழியில் குஞ்சு சேவலா பெட்டையா என்பதை முடிவு செய்வது தாய். மனிதரில் அது தந்தையின் பங்கு, பறவைகளில் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். தாய் தன் இசட்டைக் கொடுத்தால் சேவல் பிறக்கும், டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை. அப்படியானால் பெட்டைக் குஞ்சிடம் இருக்கும் ஒரே இசட் தந்தை வழியாக வந்தது. தாயின் இசட் மகன்களுக்கு மட்டுமே போகும். நிறத்தை ஆளும் சில மரபணுக்கள் இந்த இசட்டில்தான் இருக்கின்றன. எனவே ஜோடியைத் தெரிந்து சேர்த்தால், பொரித்த அன்றே குஞ்சின் நிறம் பாலினத்தைச் சொல்லிவிடும். பெற்றோர் யாரென்று தெரியாத குஞ்சின் நிறத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. முட்டையின் கூர்மையைப் பார்த்தும், நூலில் ஊசி கட்டித் தொங்கவிட்டும் கணிப்பவர்களுக்குப் பாதிக்குப் பாதி சரியாக வரும். காசு சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

இதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் பார்ட் ப்ளைமவுத் ராக். உடல் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கு வரி ஓடும் கோழி இது. இறகு வளரும்போது நிறம் ஊறுவதை விட்டுவிட்டு நிறுத்தும் மரபணுதான் வரிக்குக் காரணம். அது இசட்டில் இருக்கிறது. ஒரு பிரதி இருந்தாலே வரி தெரியும். இந்த இனத்துப் பெட்டையை ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே கறுப்பாகத்தான் பொரிக்கும். ஆனால் உடல் நன்றாகக் காய்ந்தபின் உச்சந்தலையைப் பார்த்தால், சிலவற்றில் வெளிர் பொட்டு ஒன்று இருக்கும். அவை தாயின் வரி மரபணு கிடைத்த சேவல்கள். பொட்டில்லாத கறுப்புத் தலைகள் பெட்டைகள். வளர வளரச் சேவல்களுக்கு வரி விழும். பெட்டைகள் கறுப்பாகவே நின்று, கழுத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு காட்டும்.

இதே இரண்டு இனங்களை மாற்றிச் சேர்த்தால், அதாவது சேவல் வரிக்கோழியாகவும் பெட்டை சிவப்பாகவும் இருந்தால், கணக்கு கெட்டுவிடும். தந்தையின் இசட் மகனுக்கும் மகளுக்கும் போவதால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு இருக்கும். இரண்டு இனமும் பண்ணையில் இருப்பதால் மட்டும் பயனில்லை. எது சேவலாக நிற்கிறது என்பதே முக்கியம்.

வெள்ளி, பொன் என்ற இன்னொரு இணையும் இசட்டில் இருக்கிறது. வெள்ளி ஓங்கு பண்பு. ரோட் ஐலண்ட் ரெட் போன்ற பொன் வகைச் சேவலை, லைட் சசெக்ஸ் போன்ற வெள்ளி வகைப் பெட்டையோடு சேர்த்தால் மகன்கள் வெளிர் மஞ்சளாகவும் மகள்கள் செம்பழுப்பாகவும் பொரிக்கும். பழுப்பு முட்டையிடும் வணிகக் கோழிகள் பலவும் இப்படித்தான் தரம் பிரிக்கப்படுகின்றன. வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளி வகை அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒயிட் லெகார்னின் வெள்ளை வேறொரு மரபணுவால் வருவது. அது கறுப்பு நிறத்தை அழித்துவிடும். அடியில் வெள்ளி இருக்கிறதா, பொன்னா, வரியா என்பது வெளியில் தெரியாது.

இப்படிக் கலந்து பிறந்தவற்றையே மீண்டும் தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் வித்தை பலிக்காது. தாய்வழி வெள்ளியும் தந்தைவழிப் பொன்னும் சேர்ந்த மகனையும், பொன் மட்டுமே உள்ள மகளையும் ஜோடி சேர்த்தால், வெளிர் குஞ்சிலும் பாதி சேவல் பாதி பெட்டை, செம்பழுப்பிலும் அப்படியே. முதல் ஆண்டு சரியாகப் பிரித்தவர்கள் அடுத்த ஆண்டு ஏமாறுவது இதனால்தான்.

தலைமுறைதோறும் நிற்கும் வழியைக் கண்டது கேம்பிரிட்ஜ். முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த உடனே ஒதுக்க இசட் மரபணுக்களைப் பயன்படுத்தலாம் என்று சொன்னவர் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட். பின்னர் அவரும் மைக்கேல் பீஸும் கோல்டு காம்பினையும் பார்ட் ப்ளைமவுத் ராக்கையும் கலந்து காம்பார் என்ற இனத்தை உருவாக்கினர். தூய வரி இனத்தில் சேவலுக்கு வரி மரபணு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. காம்பின் குஞ்சின் பழுப்பு நிறத்தின் மேல் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது: இரட்டைப் பங்கு உள்ள சேவல் வெளிறி, வரிகள் கலைந்து நிற்கும், பெட்டை கருத்து, கோடுகள் தெளிவாக இருக்கும். இதே அடிப்படையில் அடுத்து வந்தது லெக்பார்.

நிறம் கைகொடுக்காத இடத்தில் இறக்கை உதவும். மெதுவாக இறகு முளைக்கும் பண்பும் இசட்டில்தான் இருக்கிறது. வேகமாக முளைக்கும் சேவல், மெதுவாக முளைக்கும் பெட்டை என்று சேர்த்தால், பெட்டைக் குஞ்சின் இறக்கையில் முதன்மை இறகுகள் அவற்றின் அடியை மூடும் மேல்மூடி இறகுகளைவிட நீண்டிருக்கும். சேவலில் இரண்டும் சமமாகவோ முதன்மை குட்டையாகவோ இருக்கும். ஓரிரு நாள் கடந்தால் இது மங்கிவிடும். மலவாயைத் திருப்பிப் பார்த்துப் பிரிக்கும் முறை எந்த இனத்துக்கும் பொருந்தும். ஜப்பானில் மசுய், ஹஷிமோட்டோ ஆகியோர் 1920-களில் வகுத்த அந்த முறைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத கை குஞ்சைக் கொன்றுவிடும்.

இனத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். காட்டுக்கோழியின் பழைய நிறம் கொண்ட குஞ்சுக்கு முதுகில் அகலமான பழுப்புக் கோடும், கண்ணிலிருந்து பின்னால் போகும் கருங்கோடும் இருக்கும். நம் நாட்டுக்கோழிகளில் இது சாதாரணம். இந்த வகையில் சில வாரங்களுக்குப் பின் நெஞ்சில் கறுப்பு இறகு முளைத்தால் சேவல், வெளிர் செம்பழுப்பு என்றால் பெட்டை. முழுக் கறுப்பாக வளரப்போகும் குஞ்சோ வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெள்ளையோடு பொரிக்கும்; கலப்பு என்று நினைத்து அதை ஒதுக்குபவர்கள் உண்டு. நீலச் சாம்பல் நிறமோ தனியாக நிலைக்காது. நீலமும் நீலமும் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு கறை படிந்த வெள்ளை. கறுப்பையும் கறை வெள்ளையையும் சேர்த்தால்தான் எல்லாம் நீலமாக வரும்.

ஆக, நிறம் இனத்தின் முத்திரை அல்ல. உடலமைப்பு அதைவிட நம்பகமானது. கழுத்தறுத்தான் கோழியின் மொட்டைக் கழுத்து பொரித்த அன்றே தெரியும். முன்கழுத்தில் ஒரு கொத்து மயிர் மிஞ்சியிருந்தால் அந்த மரபணு ஒற்றைப் பங்கு. அசிலின் பட்டாணிக் கொண்டை மூன்று தாழ்ந்த வரப்புகளாகத் தொடங்கும். ஐந்து விரலும் கருந்தோலும் சில்கியின் அடையாளங்கள். உடலின் உள்ளுறுப்பு வரை கருக்கவைக்கும் மரபணு, மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியிலிருந்து வந்து 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற கடக்நாத் கருங்கோழியிலும் உண்டு. அந்த மரபணு இசட்டில் இல்லை. அதை அடக்கும் வேறொன்று இசட்டில் இருக்கிறது. சில்கிச் சேவலையும் பிரவுன் லெகார்ன் பெட்டையையும் சேர்த்தபோது மகள்கள் கருத்தும் மகன்கள் வெளுத்தும் பிறந்ததை மரபியலாளர் பேட்சனும் மேலே சொன்ன பன்னெட்டும் 1911-இலேயே எழுதிவிட்டார்கள்.

பெற்றோர் தெரியாத குஞ்சுக்குக் காத்திருப்பதே வழி. ஒற்றைக் கொண்டை இனங்களில் ஆறு வாரத்துக்குள் சேவலின் கொண்டை பெருத்துச் சிவக்கும். அசில் போன்ற பட்டாணிக் கொண்டைக் கோழிகளில் இது பிந்தும். அங்கே இடுப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாத அளவில் சேவலுக்குக் கூர்நுனியுள்ள, பளபளக்கும் நீள இறகுகள் அங்கே இறங்கும். பெட்டையின் இறகு உருண்டை நுனியோடுதான் முளைக்கும், ஈஸ்ட்ரோஜன் அப்படி வைக்கிறது. செப்ரைட் பேன்டம் இதற்கு விலக்கு. அதன் சேவல்களின் தோலே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குவதால், அவை முதிர்ந்த பிறகும் பெட்டை இறகோடுதான் திரியும்.