பசி போக்கிய கிழங்கு

வட சிலாங்கூரிலுள்ள சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் ஆகிய ஊர்கள் நெல் வயல்களுக்குப் பெயர் பெற்றவை. ஆயினும், நாடே அரிசிக்குத் தவித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது மக்களின் பசியைப் போக்கியது மரவள்ளிக்கிழங்கு.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர், வளம் குறைந்த மண்ணிலும் வளரும். தண்டை வெட்டி நட்டால் போதும். பெரும்பாலும் 8 முதல் 12 மாதங்களில் கிழங்கு கிடைக்கும். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அதுவரை பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த அரிசி, போரினால் தடைபட்டது. தோட்டப் பாட்டாளிகள் லயத்து வீடுகளின் பின்புறத்திலும் காலி நிலங்களிலும் மரவள்ளியை நட்டனர். 1945 வரை பல குடும்பங்கள் அதை உண்டே உயிர் வாழ்ந்தன. ஆனால், அதில் மாவுச்சத்து மிகுதி. புரதம் மிகக் குறைவு. எனவே, வயிறு நிறைந்தும் உடல் மெலிந்தது. அக்காலத்தைக் கடந்து வந்தவர்களுள் சிலர், பின்னர் அக்கிழங்கைத் தொடவே விரும்பவில்லை.

வேறு வழியின்றி உண்ட அக்கிழங்கை இன்று மக்கள் விரும்பி வாங்குகின்றனர். தமிழர் வீடுகளில் அவித்த கிழங்கைத் தேங்காய்த் துருவலும் சீனியும் சேர்த்து உண்பர். சிலர் நெத்திலி சம்பலோடு உண்பர். மலாய்க்காரர்களும் ஜாவா வம்சாவளியினரும் பிங்கா, தாப்பாய், கெரெப்பேக் எனப் பல பண்டங்கள் செய்கின்றனர்.

வாங்குவோர் எதிர்பார்ப்பது நாரில்லாமல் மாவாக வேகும் கிழங்கை. முற்றிய கிழங்கில் நார் மிகும். தோண்டிய இரண்டு மூன்று நாள்களிலேயே கிழங்கினுள் கருநீலக் கோடுகள் தோன்றிச் சுவை கெடும். அதனால்தான் அனுபவசாலிகள் கிழங்கை உடைத்துப் பார்த்து வாங்குகின்றனர். பச்சைக் கிழங்கு விரைவில் கெடுவதால், விற்காதது வியாபாரிக்கு நட்டமாகிறது. வறுத்துப் பொட்டலமிட்ட கெரெப்பேக்கோ பல வாரங்கள் தாங்கும். தோலுரிக்கும் வேலையும் இல்லாததால் பலரும் அதையே நாடுகின்றனர். இதனால், கிழங்கைச் சமைக்கும் பக்குவம் வீடுகளில் மெல்ல மறைந்து வருகிறது.

அப்பக்குவம் சுவைக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும் தேவை. மரவள்ளியில் சயனைடு நச்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. கசப்பு வகைகளில் அது மிகுதி. ஆகவே, கிழங்கைப் பச்சையாக உண்ணக் கூடாது. தடித்த தோலை முழுவதும் உரித்து, துண்டுகளாக்கி, நிறைய நீரில் நன்கு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். தோட்டத்துப் பாட்டிமார்கள் இதை ஏட்டில் படிக்கவில்லை, அடுப்படியில் கற்றனர்.

இன்றும் நம் நாடு தனக்குத் தேவையான அரிசியில் ஒரு பகுதியை இறக்குமதி செய்கிறது. நடவும், பார்த்து வாங்கவும், பக்குவமாகச் சமைக்கவும் அறிந்தவர்கள் இருக்கும்வரை மரவள்ளி நமக்குக் கைகொடுக்கும். ஆகவே, பெரியோரிடமிருந்து அவ்வறிவைக் கேட்டுக் கற்பது இளையோரின் கடமையாகும்.