போலந்தின் சரித்திரம் யார் கையில்?

வார்சா நகரின் நடுவே ஒரு சதுக்கம். 1928ல் அதற்கு மார்ஷல் பில்சூட்ஸ்கியின் பெயரைச் சூட்டினார்கள். 1940ல் நாஜிகள் ஹிட்லர் பெயரை வைத்தார்கள். 1946ல் அது வெற்றிச் சதுக்கம் ஆயிற்று. 1990ல் மறுபடியும் பில்சூட்ஸ்கி!

மாறியது பெயர்ப்பலகை மட்டுமா? இரு யுத்தங்களுக்கும் இடையே, 1918 முதல் 1939 வரை இருந்த போலந்தின் சரித்திரமே ஆட்சிக்கு ஆட்சி மாற்றி எழுதப்பட்டது. யுத்தத்துக்குப் பின் வந்த மக்கள் ஆட்சி அதை நிலப்பிரபுக்களின் ராஜ்யம் என்றது. நவம்பர் 11 சுதந்திர தின விழாவையும் 1945ல் ரத்துச் செய்தது. 1989ல் விழா திரும்பி வந்தது. கூடவே 'அதுவன்றோ பொற்காலம்' என்ற பஜனையும் வந்தது.

பொற்காலமா, தோழர்களே? 1926 மே மாதம் பட்டாளத்தோடு வந்து ஆட்சியைப் பறித்தவர் பில்சூட்ஸ்கி. 1934ல் பெரேசா கார்டுஸ்கா முகாம் திறந்தது. வழக்கில்லை, விசாரணையில்லை, பிடித்து அடைத்தார்கள். 1936ல் கிராக்கோ தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு. 1937 ஆகஸ்டில் விவசாயிகளின் பத்து நாள் வேலைநிறுத்தம். நாற்பதுக்கு மேற்பட்டோர் பிணமானார்கள். அதே ஆண்டில் பல்கலைக் கழகங்களில் யூத மாணவருக்குத் தனி பெஞ்சு!

ஆனால் எட்டு மணி நேர வேலையும், பெண்களுக்கு வாக்குரிமையும் 1918 நவம்பரிலேயே அங்கு சட்டமாயின. அதை மறைப்பதும் பொய்தான்.

இன்னொன்றும் உண்டு. போலந்து கம்யூனிஸ்ட் கட்சியை 1938ல் கலைத்தது பில்சூட்ஸ்கியின் வாரிசுகள் அல்ல. மாஸ்கோவிலிருந்த கம்யூனிஸ்ட் அகிலம்! தலைவர்கள் பலர் ஸ்டாலின் ஆட்சியில் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம் பொய் என்று 1956ல்தான் ஒப்புக்கொண்டார்கள். இதையெல்லாம் நம் ஏட்டில் எழுதலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

மார்ஷலையும் மந்திரியையும் விட்டு, உழைத்தவனைக் கேட்டால் என்ன? கேட்டவர்கள் இருந்தார்கள். 1931ல் லுட்விக் கிரிவித்ஸ்கியின் சமூகப் பொருளாதார நிலையம், வேலையற்றோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியனுப்பப் போட்டி வைத்தது. எழுநூறுக்கு மேல் வந்து குவிந்தன. தேர்ந்தெடுத்தவை 1933ல் நூலாயின. பிறகு விவசாயிகளும் எழுதினார்கள். தீக்குச்சியை நான்காகப் பிளந்து பற்றவைத்த காலம் அது. கிழங்கு வெந்த உப்புத் தண்ணீரைக் கொட்டாமல் மறுநாளும் உலையேற்றிய காலம்.

அந்த ஏடுகளை இன்று மறுபடி புரட்டுகிறார்கள். 2023ல் யோஆன்னா குச்செல்-ஃப்ரிட்ரிஷாக் என்ற பெண்மணி, அக்காலத்துக் கிராமத்துப் பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போலந்தில் அது அமோகமாக விற்றது. அதில் கதாநாயகன் மார்ஷல் அல்ல. படிப்பை விட்டு மாடு மேய்க்கப் போன பாட்டிமார்கள்.