பிள்ளையின் மௌனம் சம்மதமாகாது

குள்ளஞ்சாவடி போன்றதோர் ஊரில், முந்திரித் தோப்பை அடுத்த தாத்தா வீட்டில், தாயோடு வாழும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். தந்தை நெய்வேலி நகரியத்துக் குடியிருப்பில் தனித்திருக்கின்றார். விடுமுறை நாள்களில் சிறுவன் பேருந்தேறி அங்குச் சென்று வருகின்றான். எவரிடமும் அழுவதில்லை; எதையும் கேட்பதில்லை. "விவரம் அறியாத வயது, நன்றாகத்தான் இருக்கிறான்" என்கின்றனர் உற்றார்.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. "என் குறும்பினால்தான் சண்டை வந்ததோ? அப்பாவைப் பற்றிப் பேசினால் அம்மா வருந்துவாரோ? இவரும் என்னை விட்டுப் போய்விடுவாரோ?" என்னும் அச்சங்கள் அம்மௌனத்துள் மறைந்திருக்கக்கூடும். வாய் சொல்லாததை உடல் சொல்லும். சிறு குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கும். பள்ளிச் சிறுவனுக்குக் காரணமின்றி வயிறு வலிக்கும். வளர்ந்த பிள்ளை எதற்கெடுத்தாலும் சீறி விழும்.

பிள்ளையின் மனத்தைக் கேட்பது செல்லம் கொடுப்பதாகாது. காப்பாளரை நியமிக்கும்போது, அறிவு முதிர்ந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருத்திற் கொள்ளலாம் என 1890-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துரைக்கும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கின்றது. நீதிமன்றம் கேட்கும்போது வீடு கேட்க வேண்டாமா? எரிகோவில் பர்த்திமேயு பார்வையற்றவர் என்பதை நம் ஆண்டவர் அறியாதவரல்லர். ஆயினும், அவருக்கு வேண்டுவது யாதென அவரிடமே கேட்டார்.

எவ்வாறு கேட்பது? எதிரே அமர்த்தி விசாரணை செய்யாதீர்கள். பூத் தொடுக்கும்போதும், பலாச்சுளை எடுக்கும்போதும், தோப்புக்கு நடந்து செல்லும்போதும் பேச்சு எளிதாய் வரும். சிறு குழந்தையாயின், தாளும் வண்ணக்கோலும் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். வரைந்ததற்கு நீங்களே பொருள் கற்பிக்காமல், "இதைப் பற்றிச் சொல்லம்மா" எனக் கேட்டால் போதும். "அழாதே" என்று அடக்காமல், "உனக்கு வருத்தமாயிருக்கிறது, இல்லையா?" என்று கேளுங்கள். "எங்கள் சண்டைக்கு நீ காரணமில்லை" என்பதை ஒருமுறையன்று, பலமுறை சொல்லுங்கள். "அப்பா வீட்டிற்கு யார் வந்தார்கள்? உனக்கு யாரை அதிகம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். முதற் கேள்வி பிள்ளையை ஒற்றனாக்கும். இரண்டாவது அதனை நீதிபதியாக்கும். இரு சுமைகளையும் அது தாங்காது.

தாய் இறந்து, தந்தை மறுமணம் புரியும் இல்லங்களுக்கும் இது பொருந்தும். "தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்" என்னும் பழமொழியைப் பிள்ளையின் காதுபடப் பேசுவோர் அதன் நெஞ்சில் அச்சத்தை விதைக்கின்றனர். வந்தவரை உடனே "அம்மா" என அழைக்குமாறு வற்புறுத்த வேண்டாம். மறைந்த தாயின் படத்தைச் சுவரிலிருந்து அகற்றவும் வேண்டாம். புதியவரிடம் அன்பு காட்டுவது பெற்ற தாய்க்குத் துரோகமன்று என்பதைத் தந்தையே பிள்ளைக்கு எடுத்துரைக்கட்டும்.

இன்னொன்று. ஒரு திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது எனத் திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தால், "அப்படியானால் நான் யார்?" எனப் பிள்ளை உள்ளுக்குள் குமுறக்கூடும். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அத்தகைய திருமணத்தில் பிறந்தவர்கள் முறையான பிள்ளைகளே என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1137-ஆம் விதி. இதனைப் பிள்ளையிடம் தெளிவாகக் கூறுங்கள்.

உண்ணாமலும் உறங்காமலும் பிள்ளை நாள்கணக்கில் வாடினால் மருத்துவரை நாடுங்கள். 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், பிள்ளையின் அருகில் சற்றுநேரம் அமருங்கள். அது ஒன்றும் பேசாவிடினும் மனம் தளராதீர்கள், நாளையும் அமருங்கள்.