சீட்டு கிடைத்தது, பணம் எங்கே?

வெளிநாடு போய்ப் படிக்கத் திறமை மட்டும் போதாது. பணம் யார் தருகிறார்கள், எப்போது தருகிறார்கள் என்பதும் முக்கியம். பெங்களூர் சொல்லும் பாடம் இது.

அன்னா மணிக்கு இயற்பியல்தான் உயிர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஆனால் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தர மறுத்தது. 1945-ல் அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கேயும் இயற்பியல் கிட்டவில்லை. பணம் இருந்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்குத்தான்.

கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். 1948-ல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். இறக்குமதியை நம்பியிருந்த துறைக்காகச் சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்கள் தயாராயின. ஓய்வுக்குப் பிறகு காற்றின் வேகத்தையும் சூரிய சக்தியையும் அளக்கும் கருவிகளைச் செய்ய அவர் பட்டறை தொடங்கியது பெங்களூரில்தான்.

அதே கழகத்தின் இன்னொரு மாணவி ராஜேஸ்வரி. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதம் படித்தவர். 1946-ல் அரசு உதவித்தொகைக்குத் தேர்வாகி, மறு வருஷம் கப்பலேறி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். முதுகலை முடித்து, வாஷிங்டனில் எட்டு மாதம் செய்முறைப் பயிற்சியும் பெற்றார். அதன் பின் டாக்டர் பட்டத்துக்குக் கைகொடுத்தது ஆசியப் பெண்களுக்காக அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகை. தாவரவியலாளர் ஜானகி அம்மாளை முன்பே அங்கு அழைத்துப்போனதும் அதே நிதிதான். 1953-ல் தாயகம் திரும்பிய ராஜேஸ்வரி சாட்டர்ஜி, கழகத்தின் பொறியியல் துறையில் முதல் பெண் ஆசிரியர் ஆனார். கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜியுடன் நுண்ணலை ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டார். அவரிடம் 20 பேர் டாக்டர் பட்டம் பெற்றனர்.

ஒருவரின் படிப்புக்குக் கொடுத்த பணம் ஒரு துறையாகவே திரும்பி வந்தது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் ஜாம்ஷெட்ஜி டாடா. பெங்களூர்க் கழகம் உருவாகக் காரணமானவரும் அவரே. 1892-ல் அவர் நிறுவிய அறக்கட்டளை தருவது தானம் அல்ல, கடன். படித்து முடித்தவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவருக்குப் போகிறது. கேரளத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து ஜனாதிபதி ஆன கே.ஆர். நாராயணனும், மைசூர் சமஸ்தானத்திலிருந்து லண்டன் போன அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவும் அதனால் பயனடைந்தவர்கள்.

திருப்பிக் கட்டும் தெம்பு எல்லோருக்கும் உண்டா? பட்டியல் இனத்தவர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நடத்துவது தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாடு முழுமைக்கும் 125 இடங்கள். 2022-ல் இந்தியக் கலாசாரம், வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இதில் பணம் இல்லை என்று விதி வந்தது. அன்னா மணிக்கு நேர்ந்தது போலவே, எதைப் படிப்பது என்பதை இங்கும் பணப்பை தீர்மானிக்கிறது.

2025 ஜூலையில் இன்னொரு அடி. தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு, நிதி கிடைப்பதைப் பொறுத்து என்று பதில் வந்தது. அயல்நாட்டுக் கல்லூரிகள் செப்டம்பரில் கதவைத் திறந்து மூடிவிடும். விசா கேட்டுப் போனால், கையில் பணம் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. வசதியுள்ளவர் அப்பாவின் வங்கிக் கணக்கைக் காட்டுவார். இவர்கள் காட்ட வேண்டியது அந்த ஒரு கடிதத்தைத்தான்.

ராஜேஸ்வரிக்கு அரசின் கை விட்ட இடத்தில் பார்பரின் கை பிடித்தது. அன்று முதலில் கடிதம் வராத 66 பேருக்கு இரண்டாவது கை எதுவாக இருந்தது?