செல்வம் பழகு – 9: பிள்ளையின் காசைத் திருப்பிக் கொடுங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையோரத்தில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். ஊர்க்காரர்கள் ‘பரம்பு’ என்று சொல்லும் அந்த மேட்டில், தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, உள்ளே பழங்கால முதுமக்கள் தாழிகளை அப்படியே காட்டுகிறார்கள். வேனில் வந்து இறங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பானையிலோ எலும்பிலோ மனம் நிற்பதில்லை. “தங்கம் எங்க சார் இருக்கு?” என்பதுதான் அவர்களின் கேள்வி.

நியாயமான கேள்விதான். 1899-க்கும் 1905-க்கும் இடையில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே அகழ்ந்தபோது இரும்பும் வெண்கலமும் மட்டுமல்ல, தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. அதற்கு முன்பே, 1876-ல், ஜெர்மானியரான யாகோர் இங்கிருந்து எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. ஆனால் பிள்ளைகளின் அடுத்த கேள்வியில்தான் எனக்கு அக்கறை: “இப்பத் தோண்டினா நமக்கும் கிடைக்குமா?”

செல்வம் என்றால் எங்கோ கிடந்து, அதிர்ஷ்டம் இருப்பவன் கையில் அகப்படுவது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு நம்மிடமிருந்துதான் வருகிறது. லாட்டரியையும் நிலத்தின் விலை ஏறியதையும் ‘அவனுக்கு அடிச்சதுடா யோகம்’ என்பதையும் அவர்கள் காதுபட எத்தனை முறை பேசியிருப்போம்! மாதம் நூறு ரூபாய் ஒதுக்கிப் படிப்புச் செலவைச் சமாளித்த கதையை யாரும் வீட்டில் வியந்து பேசுவதில்லை.

சென்ற வாரம் கைச்செலவுக் காசைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் சேமிப்பு. பிள்ளை ஏன் சேமிக்கும், ஏன் சேமிக்காது என்பதற்கு இந்தத் தூத்துக்குடி மாவட்டத்திலேயே விடை இருக்கிறது.

ஆதிச்சநல்லூரிலிருந்து கிழக்கே போனால் முத்துக் கடல். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் அல்ல. ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி விளைந்தால்தான் அரசு குளிப்பை அறிவிக்கும்; இல்லாவிட்டால் வருடக்கணக்கில் ஒன்றும் இருக்காது. கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 1955-லிருந்து 1961 வரை. மூச்சடக்கிக் குளித்தவருக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கை அரசு ஏலம் விட்டது. கையில் காசு கொட்டும் சில வாரங்கள், பிறகு நீண்ட வறட்சி. இப்படி வரும் பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வைத்து ஒரு குடும்பம் திட்டம் போட முடியாது.

அதே தூத்துக்குடியில்தான் இன்னொரு வகைப் பணமும் வளர்ந்தது. நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு, வியாபாரத்துக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமை. தனித்தனியாகப் பார்த்தால் சில்லறை. அந்தச் சில்லறையில் பேட்டைகளும் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு பிடி அரிசி ஒதுக்கி வளர்த்த பள்ளி. காமராஜர் சிறுவயதில் படித்தது அங்கேதான். சேர்த்துப் பழகிய அந்தச் சமூகம் 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

இதைச் சிக்கனத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சிக்கனமாக இருந்த சமூகங்கள் எத்தனையோ உண்டு. எல்லாரும் வங்கி நடத்தவில்லை. மகமை நின்றது கணக்கில். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்பதை உறவின்முறை எனப்படும் சமூகச் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். கொடுத்த காசு பள்ளிக்கூடமாகத் திரும்பிவந்து கண்முன் நின்றது. அதனால்தான் அடுத்த மூட்டைக்கும் கொடுத்தார்கள்.

பிள்ளைக்கும் இதே நியாயம்தான். போட்ட காசு திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால் சேமிக்கும். இல்லாவிட்டால் கையில் கிடைத்த அன்றே செலவழிக்கும். அதைத் தப்பு என்று சொல்லவும் முடியாது.

1970 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் வால்டர் மிஷல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைக்கு முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, “நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருக்கும் பிள்ளை மனக்கட்டுப்பாடு உள்ள பிள்ளை என்று ரொம்ப காலம் பேசினோம். 2013-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் குழுவினர் அதில் ஒரு படியைக் கூட்டினார்கள். மிட்டாய்க்கு முன்பே, “நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன், காத்திரு” என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம், “மன்னிச்சுக்கோ, இல்லை” என்று கைவிரித்தார்கள். ஸ்டிக்கரை வைத்து இன்னொரு முறையும் அப்படியே. அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் நம் வீட்டுக் கதையை அது சொல்லிவிடுகிறது.

காதுகுத்துக்கு வந்த பணம், தீபாவளிக்குத் தாத்தா கொடுத்த நூறு, பெருநாள் காசு. “அம்மாகிட்ட குடு, பத்திரமா வச்சிருக்கேன்” என்று வாங்குகிறோம். பிறகு சிலிண்டர் வருகிறது, சீட்டுப்பணம் கட்ட வேண்டியிருக்கிறது, பணம் போய்விடுகிறது. பிள்ளை கேட்டால், “உனக்குச் சோறு போடுறது யாரு?” என்கிறோம். எடுத்ததில் குற்றமில்லை, வீட்டில் நெருக்கடி என்றால் எடுக்கத்தான் வேண்டும். சொல்லாமல் எடுப்பதும், கேட்டால் அதட்டுவதும்தான் கெடுக்கிறது. பிள்ளை மனதில் பதிவது ஒன்றுதான்: சேர்த்தால் போய்விடும்.

ஏரல் பக்கம் வாழை போட்டிருக்கும் ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண் வைத்திருக்கும் கணக்கு நோட்டைப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்து மூன்று கட்டம்: வரவு, செலவு, அப்பாவுக்குக் கொடுத்தது. மூன்றாவது கட்டத்தில் ‘உரத்துக்கு 600’ என்று எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். தார் வெட்டிய பிறகு இரண்டு தவணையாகத் திரும்பியதும் பதிவாகியிருந்தது; கடைசித் தவணையில் இருபது ரூபாய் கூடுதல். “அப்பா கேட்டா குடுப்பேன். எழுதிட்டுத்தான் குடுப்பேன்” என்றாள். திண்ணையில் இருந்த ஆச்சி சிரித்தார்: “எங்க காலத்துல அடுக்குப்பானையில சிறுவாடு போட்டு வப்போம். எடுத்தது யாருன்னே தெரியாதுல்லா!”

அந்த நோட்டு மூன்று பாடத்தை ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறது. காசு அவளுடையது. கடன் என்பது எழுதி வாங்கி, சொன்னபடி திருப்பித் தருவது. பணத்தைப் பயன்படுத்தக் கொடுத்தால் அதற்குக் கூலி உண்டு, அதன் பெயர் வட்டி.

வட்டியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் பள்ளியில் கற்கும் வட்டியும் தெருவில் பேசும் வட்டியும் வேறு வேறு. கணக்குப் புத்தகத்தில் ‘8 சதவீதம்’ என்றால் வருடத்துக்கு. தெருவில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வருடத்துக்கு 24 சதவீதம். ‘அஞ்சு வட்டி’ 60 சதவீதம். ‘பத்து வட்டி’ 120 சதவீதம். எட்டைவிட ரெண்டு சின்னது என்று நினைக்கும் பிள்ளைதான் நாளைக்கு அவசரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் காவல் நிலையத்துக்குப் போன பிறகுதான் உதவும். இந்தக் கணக்கு அதற்கு முன்பே உதவும்.

பிள்ளையை உட்காரவைத்து இப்படிப் போட்டுக் காட்டுங்கள். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்தாண்டு தொடர் வைப்பு போட்டால், கட்டியது 6,000. இப்போதுள்ள 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது சுமார் 7,136 ரூபாய். அதே 6,000 ரூபாயை அஞ்சு வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 300. ஐந்தாண்டில் வட்டி மட்டும் 18,000 போயிருக்கும். அசல் 6,000 அப்படியே நிற்கும். ஐந்தாண்டு சேர்த்ததில் லாபம் ஆயிரத்துச் சொச்சம், ஐந்தாண்டு கடனில் போனது பதினெட்டாயிரம். ஒருவரைப் பணக்காரராக்குவதைவிட, அவசரத்தில் வட்டிக்காரர் வாசலுக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் சேமிப்பின் முதல் பலன். இதைப் பிள்ளை தன் கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். நாம் விடையைச் சொல்லக் கூடாது.

அடுத்து, உண்டியலிலிருந்து பாஸ்புக்குக்குப் போவது. பத்து வயது நிறைந்த பிள்ளை தபால் நிலையத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே கையாளலாம். வங்கிகளும் இப்படி அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. செல்வமகள் திட்டம் நல்ல திட்டம்தான். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு வருடம் 250 ரூபாயிலிருந்து போடலாம், 21 ஆண்டில் முதிரும். ஆனால் அது பெற்றோரின் சேமிப்பு. பிள்ளை சலானை நிரப்பி, வரிசையில் நின்று, பதிந்து வாங்கும் கணக்கு ஒன்று தனியே வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் அவசியத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் வீட்டுக்குள் வந்தது. அரிசிப்பானையில் இருந்த பணம் தண்ணீரோடு போகும். பாஸ்புக் போனால் இன்னொன்று வாங்கலாம். பணம் கணக்கிலேயே இருக்கும்.

எல்லாவற்றையும் பூட்டிவைக்கவும் பழக்க வேண்டாம். சேர்த்ததில் ஒரு பங்கைப் பிள்ளை தன் விருப்பத்துக்குச் செலவழிக்கட்டும், இரண்டு நாளில் உடையும் பொம்மையாக இருந்தாலும் சரி. இருபது ரூபாயில் ஏமாறுவதற்கு இதுதான் வயது. முப்பது வயதில் அதே பாடத்துக்கு இரண்டு லட்சம் ஆகும். இன்னொரு பங்கு பிறருக்கு. கோயில் கொடைக்கோ, வகுப்பில் நோட்டு வாங்க முடியாத தோழிக்கோ, அது பிள்ளையின் முடிவு. மகமை வளர்ந்ததும் இப்படித்தான்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளையிடமிருந்து இதுவரை ‘பத்திரமா வச்சிருக்கேன்’ என்று வாங்கிய பணத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஞாபகம் உங்களைவிடப் பிள்ளைக்கு அதிகம் இருக்கும். முழுவதும் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

அடுத்த வாரம்: “நம்மால வாங்க முடியாது” என்பதைப் பிள்ளையிடம் வெட்கப்படாமல் சொல்வது எப்படி?

(தொடரும்)