ஒரே உரிமம், எத்தனை கணினிகள்?

ஆண்டிதழ் என்றாலே, அது அச்சகத்திற்குச் செல்லும் கடைசி வாரம்தான் நினைவுக்கு வரும். எங்கள் காலத்தில், அதாவது 2000களின் நடுப்பகுதியில், தமிழ்ப் பேரவைச் செயலவையினர் அனைவரும் பணம் போட்டுப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றைக் கடையில் முறையாக வாங்கினோம். ரசீது பொருளாளரின் கோப்பில் பத்திரமாக இருந்தது. அந்த ஒரே குறுந்தட்டைப் பேரவை அறையின் மேசைக்கணினியில் நிறுவினோம். இதழாசிரியரின் மடிக்கணினியிலும் நிறுவினோம். இரண்டும் ஏற்றுக்கொண்டன. மூன்றாவது கணினியில் போட்டபோது, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முடிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது.

“காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?” என்று சினந்த நண்பர் ஒருவர், பூட்டை உடைக்கும் நிரல் ஒன்றை எங்கிருந்தோ கொண்டு வந்தார். மென்பொருள் திறந்தது, கூடவே நச்சுநிரலும் நுழைந்தது. பென்டிரைவ் வழியாக அது மற்றக் கணினிகளுக்கும் பரவியதில், தட்டச்சு செய்து முடித்த கட்டுரைகளில் பாதியை இழந்தோம். இரண்டு இரவுகள் கண்விழித்து மீண்டும் தட்டச்சு செய்தோம்.

நாங்கள் திருட நினைக்கவில்லை. வாங்கியது என்ன என்று தெரியாமல் வாங்கினோம், அவ்வளவுதான். பின்னர் வந்த தம்பி தங்கைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாங்குவது பொருளையா, உரிமத்தையா?

புத்தகம் வாங்கினால் அது நம்முடையது. யாருக்கும் இரவல் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், ஒரே புத்தகத்தை இருவர் இரு வீடுகளில் ஒரே நேரத்தில் படிக்க முடியாது. மென்பொருள் அப்படியன்று. நிறுவுதல் என்பதே படியெடுத்தல்தான். ஒரு குறுந்தட்டிலிருந்து நூறு கணினிகளில் நிறுவினாலும் அது தேயாது. ஆகவேதான், நிறுவனங்கள் மென்பொருளை விற்பதில்லை. குறிப்பிட்ட வரையறைக்குள் பயன்படுத்தும் உரிமத்தையே விற்கின்றன.

1980களில் டர்போ பாஸ்கல் மென்பொருளை வெளியிட்ட போர்லண்ட் நிறுவனம் இதை எளிமையாகச் சொன்னது. மென்பொருளைப் புத்தகம் போல நடத்துங்கள் என்பதே அதன் உரிமத்தின் சாரம். எத்தனை பேரும் பயன்படுத்தலாம், எந்தக் கணினிக்கும் மாற்றலாம். ஆனால், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இயங்கக் கூடாது. எல்லா நிறுவனங்களும் இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

உரிமத்தின் வகைகள்

முதலாவது, கணினியோடு பிணைந்த உரிமம். புதிய மடிக்கணினியில் முன்பே நிறுவப்பட்டு வரும் விண்டோஸ் பெரும்பாலும் இவ்வகையே. அது அந்தக் கணினியோடு பிறந்து அந்தக் கணினியோடு முடியும். கணினியை விற்றால் உரிமமும் கூடவே போகும்; அதைக் கழற்றி இன்னொன்றில் போட முடியாது. தனியாகக் கடையில் வாங்கிய விண்டோஸ் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆனால், பழைய கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டும். மாற்றுவது வேறு, பெருக்குவது வேறு.

இரண்டாவது, குறிப்பிட்ட எண்ணிக்கை கொண்ட உரிமம். மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் ‘வீடு, மாணவர்’ 2007ஆம் ஆண்டுப் பதிப்பை ஒரே வீட்டிலுள்ள 3 கணினிகளில் நிறுவலாம் என்றிருந்தது. ஆனால், வணிக நோக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. கட்டணம் வாங்கி டியூஷன் நடத்துபவர் பயிற்சித்தாள் தயாரிக்க அது உரியதன்று. அதே பெயரில் வந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்போ ஒரு கணினிக்கு மட்டுமே. பெயர் ஒன்றாக இருப்பதால் உரிமமும் ஒன்றே என எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, ஆளோடு பிணைந்த உரிமம். இன்று சந்தாவாக விற்கப்படும் பல மென்பொருள்கள் இவ்வகை. மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் சந்தாவில் ஒருவர் ஒரே நேரத்தில் 5 கருவிகள் வரை உள்நுழைந்திருக்கலாம். குடும்பச் சந்தாவை 6 பேர் வரை பகிரலாம். அடோபி கிரியேட்டிவ் கிளவுடின் தனிநபர் சந்தாவை 2 கணினிகளில் செயற்படுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால், சந்தாதாரர் ஒருவரே, ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எங்கள் பேரவையின் பிழை இங்கேதான் விளங்குகிறது. நாங்கள் வாங்கிய மென்பொருளின் உரிமமும் ஒருவருக்கே உரியது. அவருடைய மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் என்றே இரண்டு வாய்ப்புகள். நாங்களோ இரண்டு பேர், இரண்டு கணினிகளில், ஒரே நேரத்தில் வேலை செய்தோம். மூன்றாவது கணினி மறுத்தபோதுதான் தவறு தொடங்கியது என்று நினைத்தோம். உண்மையில் இரண்டாவதிலேயே தொடங்கிவிட்டது. கணினி ஏற்றுக்கொண்டது என்பதாலேயே உரிமம் உண்டு என்று பொருளாகாது.

நான்காவது, நிறுவன உரிமம். பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி மாணவர்களுக்கு வழங்குவது இது. சில மென்பொருள்களுக்கு, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற கணக்கு உண்டு. எல்லாக் கணினிகளிலும் நிறுவியிருக்கும். ஆனால், 25 உரிமங்கள் இருந்தால் 26ஆவது நபர் ஒருவர் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, கட்டற்ற மென்பொருள். லிப்ரே ஆபிஸ், பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் ஆகியவற்றை எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். எழுத்துருக்களும் மென்பொருளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நோட்டோ தமிழ் எழுத்துருக்களைத் தயக்கமின்றிப் பகிரலாம். விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவை அப்படிப் பகிர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலின் படியை உடைமையாகக் கொண்டவர் காப்புப்படி ஒன்றை எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. மூலப்படி தொலைந்தாலோ பழுதானாலோ அதற்குப் பதிலாகப் பயன்படுத்தவே அந்தப் படி. அதை இரண்டாவது கணினியில் நிறுவிக்கொள்ள அச்சலுகை உதவாது. சொந்த, வீட்டுப் பயன்பாட்டிற்கு அல்லாமல் உரிமம் மீறிய படிகளை வைத்திருந்தால், ஒவ்வொரு படிக்கும் 2,000 ரிங்கிட் முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சங்க அறையும் அலுவலகமும் வீடாகா என்பதை நினைவில் கொள்க. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இப்போது நடப்பில் உள்ளது. அங்கும் காப்புப்படிக்கு இடமுண்டு.

செய்ய வேண்டியவை

வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உரிமம் கணினிக்கா, ஆளுக்கா? எத்தனை கணினிகள், அவை ஒரே நேரத்திலா? வணிகப் பயன்பாட்டுக்கு இடமுண்டா?

கணினி மாற்றும்போது, முதலில் பழையதில் மென்பொருளின் செயற்பாட்டை விலக்கி, வெளியேறி, பிறகே அதை விற்கவோ தூக்கியெறியவோ செய்யுங்கள். இல்லையெனில், பழைய கணினி உங்கள் எண்ணிக்கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரசீதையும் உரிம எண்ணையும் சங்கத்தின் பெயரில் ஒரே கோப்பில் வையுங்கள். செயலவை ஆண்டுதோறும் மாறும், கோப்பு மாறாது.

பட்டம் பெறப்போகும் மாணவர்களுக்கு ஒரு சொல். பல்கலைக்கழகம் தந்த உரிமம் நீங்கள் மாணவராக இருக்கும்வரைதான். கணக்கு மூடப்படும் முன், அதன் இணையச் சேமிப்பில் உள்ள ஆய்வேட்டையும் படங்களையும் சொந்தச் சேமிப்பிற்கு மாற்றிவிடுங்கள்.

நிறைவாக

அந்த ஆண்டு எங்கள் இதழ் ஒரு வாரம் தாமதமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு முறையை மாற்றினோம். கட்டுரைகளைக் கட்டற்ற மென்பொருளில் அவரவர் கணினியில் தட்டச்சு செய்தோம். உரிமம் பெற்ற ஒரே கணினியில், ஒருவர் மட்டும் பக்கங்களை அமைத்தார். கூடுதல் செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. தமிழுக்கு எழுத்துருவும் விசைப்பலகையும் செய்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களும் சிறு குழுவினருமே. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் நமக்கு நன்கு தெரிந்த சான்று. உலகச் சந்தை கொண்ட நிறுவனம் ஒரு திருட்டுப் படியைத் தாங்கிக்கொள்ளும். சில நூறு படிகளை நம்பி உழைக்கும் தமிழ் மென்பொருளாளரால் அது முடியுமா? தமிழை நேசிக்கும் சங்கம் முதலில் மதிக்க வேண்டியது அந்த உழைப்பைத்தான்.